சித்திரையில் சிவக்கும் புல்: ஹைமூர் அணைக்கு நடந்து போவது எப்படி

சித்திரை ஒன்றாம் தேதி திருநெல்வேலியிலிருந்து மச்சினன் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டான். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறதாம். நான் தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊரில், நார்த்டேல் வீட்டு வராந்தாவில், ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "அத்தான், இலை சிவந்து உதிர்றதைப் பார்க்கணும்னு பிள்ளைங்க கேக்குது. அக்டோபர்ல வரட்டுமா?" என்றான். அக்டோபரில் வந்தால் தளிரைத்தான் பார்க்கலாம், இலையுதிர்காலம் இதோ இப்போதுதான் தொடங்குகிறது என்று புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆனது. அடுத்த வருஷம் ஏப்ரல் கடைசியில் வந்து இறங்கினான். மனைவி, மூன்று பிள்ளைகள், ஐந்து ஜோடி ரப்பர் செருப்பு. அந்தச் செருப்புகளைப் பார்த்த அன்றுதான் இதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஏனென்றால் நான் 31 வருஷம் இந்த ஊரில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். தோல் வெட்டும் மேஜையில் ஆரம்பித்து, தரம் பார்க்கும் பிரிவில் ஓய்வு பெற்றேன். ஆகவே மலையைப் பற்றிச் சொல்வதைவிடக் காலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போகும் மலைக்கு டிராக்கன்ஸ்பர்க் என்று பெயர். ஜூலு மக்கள் உகாஹ்லாம்பா என்பார்கள், நிறுத்திவைத்த ஈட்டிகளின் அரண் என்று பொருள். நாங்கள் சுருக்கமாக பெர்க் என்போம். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்குள் நடக்க எத்தனையோ பாதை உண்டு. முதல் தடவை வருகிறவர்களை நான் கூட்டிப்போவது ஒரே இடத்துக்குத்தான். ரோசெட்டா கிராமத்தைத் தாண்டி, கம்பெர்க் பக்கம் இருக்கும் ஹைமூர். ஏறக்குறைய 2000 மீட்டர் உயரம் வரை வண்டியே ஏற்றிவிடும். அங்கிருந்து புல்வெளி வழியே நடந்தால் ட்ரௌட் மீனுக்காகக் கட்டிய இரண்டு அணைகள். ஏற்றம் அதிகமில்லை. என் நடையில் முக்கால் மணி நேரம், பிள்ளைகளோடு போனால் ஒன்றேகால். முழங்கால் தேய்ந்தவர்களும் போகலாம். என் மனைவி போகிறாள்.

நிறம் எங்கே இருக்கிறது

மச்சினன் பிள்ளைகள் வண்டியிலிருந்து இறங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மாமா, இங்க மரமே இல்லையே" என்றார்கள். சரியான கேள்வி. இந்த மலைக்குச் சொந்தமான மரங்களில் பெரும்பாலானவை பள்ளத்தாக்குகளுக்குள் ஒளிந்திருக்கும். அவற்றில் முக்கியமான யெல்லோவுட் போன்றவை வருஷம் பூராவும் பச்சைதான். மேலே திறந்த வெளியில் ஆள்வது புல். நிறம் மாறுவதும் புல்தான்.

அந்தப் புல்லை ஆஃப்ரிக்கான்ஸில் ரூய்கிராஸ் என்பார்கள், சிவப்புப் புல். ஜூலுவில் இன்சின்டே. மழைக்காலத்தில் பச்சையாக, சாதாரணமாக நிற்கும். ஏப்ரலில் இரவுகள் குளிரத் தொடங்கியதும் சத்தையெல்லாம் வேருக்கு இறக்கிவிடும். பச்சையம் கரைய, தண்டிலும் கதிரிலும் சிவப்பும் செம்புமாக நிறம் ஏறும். மாடு வளர்க்கிறவர்கள் இந்த உயரப் புல்வெளியைச் சவர்வெல்ட் என்பார்கள், புளிப்புப் புல்வெளி. சத்து வேருக்குப் போனபின் மாடு எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாதாம். மாட்டுக்குக் கெட்ட காலம், கண்ணுக்கு நல்ல காலம்.

ஆனால் இந்தச் சிவப்புக்கு ஒரு குணம் உண்டு. வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் எரியும். உச்சியில் விழுந்தால் வெறும் வைக்கோல். பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். காலை ஒன்பதுக்குள் தண்ணீர்க்கரையில் நில்லுங்கள். சாயங்காலமும் அந்த வெளிச்சம் வரும், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். ஏப்ரல் கடைசியில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். அதோடு குளிரும் இறங்கும்.

எந்த வாரம் என்று கேட்டால், என் கணக்கு ஏப்ரல் 20 முதல் மே 5 வரை. அதற்குள் 27-ஆம் தேதி சுதந்திர தினமும் மே 1-ஆம் தேதியும் விடுமுறையாக வரும். அதற்கு முன்னால் போனால் புல் பாதிப் பச்சையாக இருக்கும். ஆனால் வழியெல்லாம் காஸ்மோஸ் பூத்திருக்கும், வெள்ளையும் ரோஸுமாக. அது இந்த மண்ணின் பூ அல்ல. ஆங்கிலேயருக்கும் இங்கிருந்த டச்சு வம்சாவளிக்காரர்களுக்கும் நடந்த போயர் போரின்போது, 1899-க்கும் 1902-க்கும் நடுவில், ஆங்கிலேயரின் குதிரைகளுக்கு அர்ஜென்டினாவிலிருந்து கப்பலில் வந்த தீவனத்தோடு விதை வந்ததாகச் சொல்வார்கள். என் கொள்ளுப்பாட்டனார் கூட்டம் கரும்புத் தோட்டத்துக்கு வரத் தொடங்கியது 1860-இல். ஆக நாங்கள் இந்தப் பூவுக்கு நாற்பது வருஷம் மூத்தவர்கள்.

மே நடுவில் கடும் உறைபனி விழுந்துவிட்டால் சிவப்பு வெளுத்து வைக்கோலாகிவிடும். அதன்பின் காட்டிலாகாக்காரர்கள் தீத்தடுப்புக்காகப் புல்லைப் பட்டை பட்டையாக எரிக்க ஆரம்பிப்பார்கள். மலை கறுப்பு வரி போட்ட கம்பளி மாதிரி ஆகிவிடும். அதுவும் ஒரு அழகு என்பான் என் நண்பன் ஒருவன். நான் ஒப்புக்கொள்வதில்லை.

பெரிய வெள்ளி வார இறுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சாலையில் ஜோஹானஸ்பர்க் வண்டிகள் நிறைந்திருக்கும். எங்களுக்கு வேறு காரணமும் உண்டு. அன்று எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் தீமிதி.

முதலில் காலைப் பாருங்கள்

நான் மூன்று வருஷம் தீ மிதித்திருக்கிறேன். ஒரு கொப்புளம் வந்ததில்லை. புது பூட்ஸ் போட்டு மலை ஏறிய ஒரே நாளில் இரண்டு குதிகாலிலும் கோழிமுட்டை அளவு வந்தது. அம்மன் காப்பாற்றுவாள், பூட்ஸ் காப்பாற்றாது. புதிதாக வாங்கினால் மூன்று வாரம் வீட்டுக்குள்ளும் கடைத்தெருவிலும் போட்டு நடந்த பிறகே மலைக்கு.

வாங்கப் போவது மாலை நேரத்தில் இருக்கட்டும். பகல் முழுவதும் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். போட்டுப்போகும் காலுறையைக் கையோடு கொண்டுபோங்கள். கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். கட்டியபின் சரிவில் இறங்குவதுபோல் நின்று பாருங்கள். கட்டைவிரல் முன்பக்கம் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம், விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் வேண்டாம். ஏறும்போது பூட்ஸைக் குறை சொன்னவர் யாருமில்லை. நகம் கறுத்துப்போவதெல்லாம் இறக்கத்தில்.

இப்போது, பெட்டிக்குள் இருக்கும் பழைய பூட்ஸ் கதை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான்.

நான் வேலை பார்த்த காலத்தில் எடுத்த ஒரு நல்ல ஜோடி, தடித்த தோல், ஒன்பது வருஷமாக அலமாரியில் புதிதுபோலவே இருந்தது. தேய்மானம் இல்லை, பளபளப்புப் போகவில்லை. அதைப் போட்டுக்கொண்டு ஹைமூருக்குக் கிளம்பினேன். முதல் அணைக்கரையில் ஏறும்போது வலது காலில் ஏதோ சப்பென்றது. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முழுதாக வாயைப் பிளந்து நிற்கிறது. பத்தடி போவதற்குள் இடது பக்கமும். கையில் எடுத்தால் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்கிறது. என் மனைவி கரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு எதிர்க்கரைக்குக் கேட்டிருக்கும். "முப்பத்தோரு வருஷம் செருப்பு செஞ்ச மனுஷன்!" அவளுடைய துப்பட்டாவை இரண்டாகக் கிழித்து அடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வாத்துபோலத் திரும்பி வந்தேன்.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. இப்போதைய பூட்ஸ்களில் மேல்தோலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவே மெத்தென்று ஒரு அடுக்கு இருக்கும். பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளை மெல்ல மெல்ல உள்ளேயே அறுக்கும். போட்டு நடந்துகொண்டே இருந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பெட்டியில் பத்திரமாக மூடிவைத்தால்தான் சீக்கிரம் சாகும். டர்பன் கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். ஐந்தாறு வருஷமாகப் போடாத ஜோடி இருந்தால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு நடு அடுக்கில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் மீளாமல் நின்றாலோ, பொடி உதிர்ந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ, அது பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் குப்பைக்குத்தான். கையால் முன்பாதியை மடக்கிப் பாருங்கள், விளிம்பில் பிரிகிறதா என்று தெரியும். அந்த நாளுக்குப் பிறகு என் பையில் நான்கு கேபிள் டையும் கொஞ்சம் அகலமான ஒட்டு நாடாவும் எப்போதும் உண்டு. துப்பட்டாவைவிட மலிவு.

டேக்கி போட்டு வரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊரில் ஸ்போர்ட்ஸ் ஷூ என்பதை இங்கே டேக்கி என்போம். அணை வரை மட்டும் என்றால், அடியில் பல் இருந்தால், வரலாம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட டேக்கியே போதும். ஆனால் ஒன்று, ஏப்ரல் காலையில் புல்லில் பனி சொட்டச் சொட்ட நிற்கும். முதல் பத்து நிமிஷத்தில் துணி டேக்கி நனைந்து கால் விறைத்துவிடும். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி எடுத்து வையுங்கள், கம்பளிக் காலுறையாக. பருத்தி நனைந்தால் காயாது, தோலையும் உரித்துவிடும். ரப்பர் செருப்பு கூடாது. மச்சினனை வழியில் ஹோவிக்கில் நிறுத்தி ஐந்து ஜோடி டேக்கி வாங்கவைத்தேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் பணம் கொடுத்தான்.

குதிகாலிலோ விரலிலோ சூடு தெரிந்த அந்த நிமிஷமே உட்காருங்கள். கூட்டத்தில் கூச்சப்பட்டு நடந்துகொண்டே இருப்பவருக்குத்தான் கொப்புளம். காலைத் துடைத்து, மருந்துக்கடை ஒட்டுநாடா ஒரு துண்டைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, மறுபடி கட்டுங்கள். இறங்கும் முன் கயிற்றைப் பாதத்தின் மேல் பகுதியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, கணுக்காலுக்கு மேல் சற்றுத் தளர்த்திக் கட்டினால், கால் முன்னால் சறுக்காது.

பையும் வண்டியும்

எங்கள் ஊர் 600, 700 மீட்டர் உயரம். ஹைமூர் அதற்கு மேலே 1300 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், வீட்டில் பதினைந்து டிகிரி என்றால் அங்கே ஏழு. காற்று அடித்தால் அதுவும் இல்லை. ஆகவே ஒரு தடித்த கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கு மேல். ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், உட்காரும்போது போடலாம். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் நுழையாத ஒரு ஜாக்கெட். தொப்பி, வெயிலுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

சாப்பாடு ரொட்டி ரோல்தான். உருளைக்கிழங்குக் கறியை வறட்டலாகச் செய்து, ரொட்டியில் சுருட்டி, ஃபாயில் தாளில் பொதிந்து, துணியில் கட்டினால் பதினொரு மணிக்கும் வெதுவெதுப்பாக இருக்கும். மட்டன் ரோல் வேண்டாம். நெய் உறைந்து வாயில் மெழுகாக ஒட்டும். ஃபிளாஸ்கில் இஞ்சி போட்ட ரூய்போஸ் டீ. ஒருமுறை ஒரு தம்பி கேஸ் அடுப்பும் பருப்புமாக வந்தான், அங்கேயே சாம்பார் வைக்கிறேன் என்று. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவில்லை, எரிவாயு தீர்ந்தது. விறகு மூட்டி நெருப்புப் போடவே கூடாது. காய்ந்த புல், காற்று, சொல்ல வேண்டியதில்லை. பீடி சிகரெட்டும் அப்படியே. பபூன் குரங்குகள் பையைத் திறக்கக் கற்றவை. சாப்பிட்டதும் ஜிப்பை மூடிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி என்றால் எனக்கு பக்கிதான். திறந்த பின்பாகம் உள்ள சிறு டிரக்குக்கு இங்கே அதுதான் பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் "வா, பக்கியில போலாம்" என்றேன், என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்கு அப்போது தெரியாது. கடைசிப் பகுதி மண் சாலை, வளைந்து ஏறும். மழை பெய்யாத வாரமென்றால் சாதாரணக் காரும் மெதுவாகப் போகும். பெய்திருந்தால் அடி தட்டும்.

நாங்கள் கிளம்புவது காலை ஐந்தரைக்கு. ஊரைத் தாண்டியதும் வரும் டவுன் ஹில் (Town Hill) என்ற மேட்டில் ஏறும்போது பெரும்பாலும் மூடுபனி இருக்கும், லாரிகளும் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் மோசம். விளக்கைப் போட்டு, இடப்பக்கம் ஒட்டி, பொறுமையாக. ஹில்டன் தாண்டினால் வானம் திறந்துவிடும். நுழைவாயில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள், காலத்துக்குத் தக்கபடி மாறும். மலைக்குள் கைப்பேசிக்கு அலைவரிசையை நம்பாதீர்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் கட்டணம் கட்டியதும் பதிவேட்டில் பெயர், எத்தனை பேர், எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள் என்று எழுத வேண்டும். எழுதுகிறோம். திரும்பும்போது கையெழுத்துப் போட மறந்துவிடுகிறோம். ஒரு வருஷம் நான் அப்படி வந்துவிட்டேன். இரவு எட்டு மணிக்குக் காவலர் போன் செய்தார், குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. தேட ஆள் கிளப்பப் பார்த்தாராம். அதுவே எனக்குப் போதும். பாதையில் எதிரே வருகிறவர்களுக்கு "சனிபோனானி" சொல்லுங்கள், ஒருவர்தான் என்றால் "சவுபோனா". பதில் வராமல் இருந்ததில்லை.

தண்ணீர்க்கரையில்

பாதை தெளிவானது. இரண்டு பக்கமும் இடுப்பளவு புல். பேசாமல் நடந்தால் கதிர்கள் உரசும் சத்தம் கேட்கும். காலை வெயிலில் பாதை நடுவே கிடக்கும் எதையும் குச்சி என்று நினைக்காதீர்கள். பஃப் ஆடர் என்ற விரியன் குளிர்ந்த காலையில் சூட்டுக்காகப் பாதையில் வந்து படுக்கும். நம் காலடி கேட்டு விலகுகிற பாம்பு அல்ல அது, அப்படியே கிடக்கும். ஆகவே முன்னால் நடக்கிறவர் மலையைப் பார்க்கக் கூடாது, தரையைப் பார்க்க வேண்டும். மலையைப் பார்க்க ஆசை வந்தால் நின்று பாருங்கள். எங்கள் கூட்டத்தில் முன்னால் போகும் வேலை எனக்குத்தான், அதனால் நான்தான் குறைவாகப் பார்த்தவன்.

என் மனைவி முதல் தடவை அந்த அணையைப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா? "என்னங்க, இது எங்க ஊரு குளம்லா!" நான் மலை ஏரி, மலை ஏரி என்று ஒரு மாதமாகப் பெருமை அடித்து வைத்திருந்தேன். அவள் பார்த்தது கரையையும் மறுகாலையும். உண்மைதான். இந்த மலையில் இயற்கையாக உண்டான பெரிய ஏரி என்று சொல்ல அதிகமில்லை. நாம் பார்ப்பதெல்லாம் மனிதன் மண் அணைத்துத் தேக்கியது. நம் பாஷையில் ஏரியும் குளமும் அப்படித்தானே? அன்றிலிருந்து அவள் குளத்தங்கரைக்காரியாகவே அங்கே நடக்கிறாள். அவள் சொல்லித்தந்த முறையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

கரைமேல் நடங்கள். மண் இறுகியிருக்கும், உயரத்திலிருந்து தண்ணீர் முழுதும் தெரியும், காலை வெயிலில் எதிர்ச்சரிவின் சிவப்பு அப்படியே தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். காற்று எழும்புவதற்கு முன் அரைமணி நேரம்தான் இந்தக் காட்சி. ஒரு சிற்றலை வந்துவிட்டால் செம்பை உருக்கி ஊற்றினதுபோல் கலங்கிவிடும். அதுவும் மோசமில்லை. மறுகால் பக்கம், தண்ணீர் வழிந்தோடும் கல்லில், பாசி இருக்கும். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் காலை வைக்காதீர்கள். இறங்கிக் கடக்க வேண்டுமானால் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

சுற்றி வர ஆசைப்பட வேண்டாம். இதில் நான் கறாராக இருப்பேன். குளம் என்றால் தண்ணீர் வந்து சேரும் தலைப்பக்கம் எப்போதும் சேறும் கோரையுமாகத்தான் இருக்கும். இங்கே அதை ஃப்ளே என்பார்கள். இந்த உயரத்துச் சதுப்புகளில்தான் வாட்டில்டு கொக்கு கூடு கட்டும், ஆப்பிரிக்காவிலேயே பெரிய கொக்கு, தாடையில் இரண்டு வெள்ளைத் தொங்கட்டான்கள். நாம் குளிருக்கு ஒதுங்கும் மாதங்களில்தான் முட்டையிடும். ஒன்றோ இரண்டோ முட்டை, வளர்வது பெரும்பாலும் ஒரே குஞ்சு. பக்கத்தில் ஆள் வந்தால் கூட்டை விட்டு எழுந்துவிடும், அந்தக் குளிரில் முட்டை என்ன ஆகும்? கரையின் இரண்டு முனைக்குப் போய்த் திரும்புங்கள். தொலைநோக்கி இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள். ஒரே ஒரு தடவை ஜோடியாகப் பார்த்திருக்கிறேன். ஃபிளாஸ்க் மூடியைத் திறந்தபடியே வைத்திருந்தேன், டீ ஆறிப்போனது.

தெற்கு ஆப்பிரிக்காவின் மூன்று கொக்கு இனங்களும் எங்கள் மிட்லண்ட்ஸ் பகுதியில் இருக்கின்றன. வரும் வழியில் வயலில் நிற்கும் சாம்பல்நீலக் கொக்குதான் நாட்டின் தேசியப் பறவை. அதைப் பார்க்க மலை ஏற வேண்டியதில்லை.

வானத்தை இடையிடையே பாருங்கள். கோடை இடி மழை ஏப்ரலில் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பயப்பட வேண்டியது குளிர் அலை. காலையில் வடமேற்கிலிருந்து காலத்துக்கு ஒவ்வாத வெதுவெதுப்பான காற்று அடித்தால், ஆஹா என்று ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள். சந்தேகப்படுங்கள். அது தெற்குப் பக்கம் திரும்பினால் இரண்டு மணி நேரத்தில் பத்து டிகிரி இறங்கக்கூடும், மே மாதத்தில் பனியே கொட்டலாம். கீழேயிருந்து மூடுபனி ஏறி வந்தால், பாதையில் இருக்கும்வரை பாதையோடே திரும்புங்கள். பாதை தெரியாத அளவுக்கு அடைத்துவிட்டால் இருந்த இடத்தில் உட்காருங்கள், எல்லாரும் ஒட்டி, எல்லா அடுக்கையும் போட்டுக்கொண்டு. "அந்தப் பக்கம்தான் வண்டி" என்று ஒருவர் சொல்வார், எப்போதும் ஒருவர் சொல்வார். அவரையும் உட்காரவையுங்கள்.

மதியம் ஒரு மணிக்கு நான் எழுந்துவிடுவேன். யார் என்ன கெஞ்சினாலும்.

திரும்பும்போது மரங்கள்

சிவந்த இலைதான் வேண்டும் என்று வந்தவர்களையும் ஏமாற்ற முடியாது. திரும்பும் வழியில் பெரிய நெடுஞ்சாலையை விட்டுவிட்டு ரோசெட்டாவிலிருந்து ஆர்103 என்ற பழைய சாலையில் வாருங்கள். நாட்டிங்ஹாம் ரோடு, பால்கோவன், லிட்ஜட்டன் என்று பண்ணைகளும் வெள்ளைக்காரர்கள் நட்ட மரங்களும். பிளேன் மரம் பழுப்பு மஞ்சள், ஓக் செம்பழுப்பு, லிக்விடாம்பர் குங்குமத்திலிருந்து கத்தரிப்பூ வரை ஒரே மரத்தில். மச்சினன் பிள்ளைகள் வண்டியை நிறுத்தச் சொல்லி இலை பொறுக்கினார்கள். ஊருக்குக் கொண்டுபோய் நோட்டில் ஒட்ட வேண்டுமாம்.

ஹோவிக் வருவதற்குச் சற்று முன்னால், 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா கைதான இடம். 50 இரும்புத் தூண்கள் ஏதோ தாறுமாறாக நட்டதுபோல் நிற்கும். பாதையில் நடந்து வந்து சரியான இடத்தில் நின்றால் மட்டும் அவர் முகமாகத் தெரியும். கால் வலித்தாலும் இறங்கிப் பார்த்துவிடுங்கள்.

ஜோஹானஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு இவ்வளவு தூரம் வேண்டாம். கோல்டன் கேட் தேசியப் பூங்கா, கிளாரென்ஸ் ஊர்ப் பக்கம் போனால் மணற்கல் பாறைகளுக்குக் கீழே பாப்லர் மரங்கள் மஞ்சள் தீயாக நிற்கும். அங்கே புல்லைவிட மரம்தான் பேச்சு.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னும் இடுப்பிலும் அக்குளிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கும் வந்தால், டாக்டரிடம் மலைக்குப் போன கதையைச் சொல்ல மறக்காதீர்கள். காற்சட்டையில் பிளாக்ஜாக் முள் விதைகள் நூறு ஒட்டியிருக்கும், சலவைக்குப் போடுமுன் பிடுங்குங்கள். அழகான காஸ்மோஸுக்கு அது நெருங்கிய சொந்தம் என்று சொன்னால் என் மனைவி நம்புவதில்லை.

பூட்ஸை ஹீட்டர் முன்னால் வைக்கவே வைக்காதீர்கள், தோல் வெடிக்கும், பசை இளகும். உள் தட்டை உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, காற்று வரும் நிழலில் வையுங்கள். இரவு ஒருமுறை தாளை மாற்றுங்கள். மண் காய்ந்தபின் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் தட்டி, தோலுக்குக் கொஞ்சம் மெழுகு. பிறகு பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். அடுத்த சித்திரை வரை மாதம் ஒரு முறையாவது போட்டு நடங்கள். நான் சனிக்கிழமை காய்கறி வாங்க அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். கத்தரிக்காய் வாங்க இவ்வளவு சத்தம் போடும் பூட்ஸா என்று என் மனைவி இரண்டடி தள்ளியே நடக்கிறாள்.